‘நிச்சயக் குதிரை’ உண்டா? பந்தய அட்டையை வாசிப்பதும் பந்தயக் கணக்கைப் புரிந்துகொள்வதும்

மலாக்கா – “மூன்றாவது ரேஸில் ஏழாம் நம்பர் நிச்சயம்.” வார இறுதி நெருங்கும்போது காப்பிக் கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்படி ஒரு தகவல் வந்து விழுவது புதிதல்ல. சொல்பவர் சில நேரம் சரியாகவும் சொல்லிவிடுவார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டுத் தொடர்ந்து பணம் கட்டியவரின் கையில் மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதில்லை.

குதிரையைச் சரியாகக் கணிப்பது வேறு, பணம் சம்பாதிப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பலருக்கும் தெரிவதில்லை. ஒரு பந்தய நாளின் அட்டையை எப்படி வாசிக்கிறார்கள், வெல்லக்கூடிய குதிரையை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்படித் தேர்ந்தெடுத்த பிறகும் பணம் ஏன் கரைகிறது என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

திடல்கள் குறைந்து வரும் காலம்

மலாக்காவில் இன்று குதிரைப் பந்தயத் திடல் இல்லை. தீபகற்ப மலேசியாவில் இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு: கோலாலம்பூர் சுங்கை பீசியில் உள்ள சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றமும், ஈப்போவில் உள்ள பேராக் குதிரைப் பந்தய மன்றமும். மலாக்காவிலிருந்து சுங்கை பீசி ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

1864இல் தொடங்கப்பட்ட பினாங்கு மன்றம், 2025 மே 31 அன்று தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2024 அக்டோபர் 5 அன்று, சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் ஓடியது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் மன்றத்தின் வரலாறு அத்தோடு முடிந்தது. அந்த நிலத்தை வீடமைப்பு உள்ளிட்ட தேவைகளுக்காக அரசு திரும்பப் பெறுகிறது.

நிலத்தின் விலை பந்தயத்தை இடம்பெயர்ப்பது நமக்குப் புதிய கதை அல்ல. 1896இல் தொடங்கிய சிலாங்கூர் மன்றம் நீண்ட காலம் ஜாலான் அம்பாங்கில்தான் இருந்தது. 1993இல் அது சுங்கை பீசிக்கு இடம் மாறியது. பழைய திடல் இருந்த இடத்தில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. அந்த நில மேம்பாட்டில் முக்கியப் பங்கு வகித்தவர், பிரிக்பீல்ட்ஸில் பிறந்து 2024 நவம்பரில் காலமான தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன்.

திடல்கள் குறைந்தாலும் ‘டிப்ஸ்’ குறையவில்லை. கைத்தொலைபேசி வழியாக ஆஸ்திரேலியா, ஹாங்காங் பந்தயங்களின் கணிப்புகளும் இப்போது தோட்டம் வரை வருகின்றன. எனவே அட்டையை வாசிக்கத் தெரிந்திருப்பது பழைய காலத்தைவிட இன்று அவசியமாகிறது.

அட்டையில் என்ன இருக்கிறது?

குதிரைப் பந்தயத்தில் இரண்டு வகை உண்டு. வேலி, பள்ளம் போன்ற தடைகளைத் தாண்டி ஓடுவது ஒரு வகை. தடையே இல்லாமல் சமதளத்தில் ஓடுவது மற்றொன்று. மலேசியாவில் நடப்பது இந்தச் சமதளப் பந்தயமே. பெரும்பாலும் 1,000 மீட்டர் முதல் 2,000 மீட்டருக்குச் சற்று மேல் வரையான தூரங்களில் குதிரைகள் ஓடுகின்றன.

பந்தய அட்டையில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் எதிரே சில எண்களும் குறிப்புகளும் இருக்கும். பார்ப்பதற்குக் குழப்பமாகத் தெரிந்தாலும் அவை ஆறு கேள்விகளுக்கான விடைகள்தாம்.

1. எடை: இது எல்லாவற்றிலும் முதன்மையானது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமையை ஒட்டி ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. மதிப்பெண் கூடிய குதிரை கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். ஜாக்கி, சேணம், தேவைப்பட்டால் சேணத்தில் செருகும் ஈயத் தகடு எல்லாம் சேர்ந்ததே அந்த எடை. பொதுவாக ஒரு மதிப்பெண்ணுக்கு அரை கிலோ என்று கணக்கு. வென்ற குதிரைக்கு மதிப்பெண் ஏறும், எடையும் ஏறும். தொடர்ந்து தோற்ற குதிரைக்கு இரண்டும் இறங்கும். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடை போடும் அதிகாரியின் நோக்கம். அதாவது, நிச்சயக் குதிரை என்று ஒன்று இல்லாமல் செய்வதே அவருடைய வேலை.

2. அண்மை முடிவுகள்: ‘3-2-4’ என்று இருந்தால் கடந்த மூன்று பந்தயங்களில் அந்தக் குதிரை மூன்றாவதாக, இரண்டாவதாக, நான்காவதாக வந்தது என்று பொருள். ‘0’ இருந்தால் பத்தாவதாகவோ அதற்கும் பின்னாலோ வந்தது என்று கொள்ள வேண்டும். எந்த இடத்தில் வந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை குதிரை நீள இடைவெளியில் தோற்றது என்பதையும் பார்க்க வேண்டும். அரை நீளத்தில் தோற்ற ஐந்தாம் இடம், ஆறு நீளத்தில் தோற்ற இரண்டாம் இடத்தைவிட மேலானது.

3. தரம்: குதிரைகள் மதிப்பெண்ணை ஒட்டித் தரம் பிரிக்கப்படுகின்றன. மேல் தரத்தில் திணறிய குதிரை கீழ்த் தரத்துக்கு இறங்கும்போது அதன் பழைய ‘0’க்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல் கீழ்த் தரத்தில் வரிசையாக வென்ற குதிரை மேலே ஏறும்போது பழைய ‘1’களும் ஏமாற்றும்.

4. தூரம்: 1,100 மீட்டரில் மின்னல் போல ஓடும் குதிரை 1,600 மீட்டரில் கடைசி 200 மீட்டரில் தளர்ந்துவிடலாம். எந்தத் தூரத்தில் வென்றிருக்கிறது என்பது அட்டையிலேயே இருக்கும்.

5. வாயில் எண்: குதிரை எந்த வாயிலிலிருந்து புறப்படுகிறது என்பதைக் குறிப்பது. இது குலுக்கலில் முடிவாகிறது. குறுகிய தூரப் பந்தயத்தில் வளைவு சீக்கிரம் வந்துவிட்டால், வெளிப்புற வாயிலில் நிற்கும் குதிரை மற்றவற்றைவிடக் கூடுதல் தூரம் ஓட நேரும்.

6. ஜாக்கியும் பயிற்சியாளரும்: பயிற்சி நிலை ஜாக்கிகளுக்கு அனுபவக் குறைவை ஈடுசெய்யச் சில கிலோ எடைச் சலுகை உண்டு. அந்தச் சலுகை, இளம் ஜாக்கி செய்யக்கூடிய தவற்றைவிடப் பெரியதா சிறியதா என்பதே கேள்வி. பயிற்சியாளர் எந்தக் குதிரைக்குத் தன் முதன்மை ஜாக்கியைக் கொடுத்திருக்கிறார் என்பதும் ஒரு குறிப்பு.

வயதைப் பற்றியும் ஒரு சிறு தகவல். இங்கே ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வாங்கி வரப்படுபவை. தென்கோளத்தில் பிறந்த பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஆகஸ்டு 1 அன்றுதான் ஒரு வயது கூடுகிறது. எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் அதுவே கணக்கு.

மழை வந்தால் கணக்கு மாறும்

நம் நாட்டுப் பந்தயத்தில் அட்டையில் இல்லாத ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார். அவர் பிற்பகல் மழை. காலையில் இறுகி இருந்த புல்தரை, மூன்று மணி மழைக்குப் பிறகு சேறாகிவிடும். சில குதிரைகளுக்கு ஈரத் தரையில் கால் பாவுவதே இல்லை. வேறு சில, காய்ந்த தரையில் சுமாராக ஓடி, ஈரத்தில் சீறிப் பாயும்.

அதனால்தான் முதல் நாள் இரவே எழுதப்படும் முன்னோட்டங்கள், மழை பெய்த நாளில் பாதி செல்லாமல் போகின்றன. அனுபவசாலிகள் முதல் இரண்டு ரேஸ்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். முன்னால் ஓடிய குதிரைகள் நிலைத்தனவா, பின்னாலிருந்து வந்தவை பிடித்தனவா, உள் ஓரம் மிதிபட்டுக் கெட்டிருக்கிறதா என்பதை அந்த இரண்டு ரேஸ்களே காட்டிவிடும்.

ஒரு மாதிரிப் பந்தயம்

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க, கற்பனையாக ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 1,200 மீட்டர், நான்காம் தரம், எட்டுக் குதிரைகள். பிற்பகலில் மழை பெய்து தரை ஈரமாக இருக்கிறது. பேச்சில் அடிபடும் குதிரைகள் நான்கு.

எண் 1: கடந்த மூன்றில் 1-2-1. இன்று சுமக்கும் எடை 59 கிலோ. வாயில் எண் 8. வென்ற இரண்டும் காய்ந்த தரையில்.

எண் 3: கடந்த மூன்றில் 3-4-2. எடை 55.5 கிலோ. வாயில் எண் 2. ஈரத் தரையில் முன்பு ஒருமுறை ஓடி, அரை நீளத்தில் மட்டும் தோற்றது.

எண் 5: கடந்த மூன்றில் 6-5-0. ஆனால் அவை மூன்றாம் தரப் பந்தயங்கள். இப்போது கீழே இறங்கியிருக்கிறது. பயிற்சி ஜாக்கியின் சலுகை போக 51 கிலோ.

எண் 8: கடந்த மூன்றில் 8-7-0. எடை 50 கிலோ. குறிப்பிட ஒன்றுமில்லை.

எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர் எண் 1ஐத்தான் சொல்வார். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பு எண் 1உம் எண் 3உம் இதே தூரத்தில் மோதின என்று வைத்துக்கொள்வோம். அன்று எண் 1 சுமந்தது 56 கிலோ. எண் 3 இன்றுபோல் 55.5 கிலோ. எண் 1 ஒரு நீளத்தில் வென்றது. அந்த வெற்றிக்காக இன்று அதன் எடை 3 கிலோ கூடியிருக்கிறது. குறுந்தூரப் பந்தயத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ, ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது கணிப்பாளர்களின் பொதுக் கணக்கு. ஆக, 3 கிலோ என்பது இரண்டு நீளம். அன்று ஒரு நீளம் முன்னால் வந்த குதிரை, இன்று காகிதத்தில் ஒரு நீளம் பின்னால்.

அதோடு வெளிப்புற வாயில், ஈரத் தரை என்ற இரண்டு சிரமங்களும் எண் 1க்குச் சேர்கின்றன. எனவே முன்னோட்டம் எழுதுபவர் எண் 3ஐ முதல் தெரிவாகவும், எண் 1ஐ அதற்குச் சவாலாகவும், எண் 5ஐ ‘கவனிக்க வேண்டிய குதிரை’யாகவும் எழுதுவார். இது ஊகமில்லை, முறையான கணிப்பு. நாளிதழ்களில் பந்தயப் பகுதி எழுதிய பலர் இந்த வேலையில் உண்மையான திறமைசாலிகள்.

கணிப்பு சரி, பணம் எங்கே?

இப்போது பணத்தின் பக்கம் வருவோம். மலேசியாவில் சட்டப்படியான பந்தயம் ‘டோட்டலைசேட்டர்’ முறையில் நடக்கிறது. சுருக்கமாக ‘டோட்’. 1860களில் பாரிஸ் நகரில் பிறந்த முறை இது. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துத் திடலில் இதற்கென முதல் பெரிய இயந்திரம் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் இதற்காக 1961இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இந்த முறையில் நீங்கள் மன்றத்தை எதிர்த்துப் பந்தயம் கட்டவில்லை. பணம் கட்டிய மற்றவர்களை எதிர்த்தே கட்டுகிறீர்கள். எல்லாருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. வரி, நிர்வாகச் செலவு, பரிசுத் தொகை ஆகியவற்றுக்காக ஒரு பங்கு முதலில் கழிக்கப்படுகிறது. மிச்சம் வென்ற குதிரையின்மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கழிக்கப்படும் பங்கு நாட்டுக்கு நாடும், பந்தய வகைக்கு வகையும் மாறும். உலகின் பல இடங்களில் அது 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க இங்கே 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

மாதிரிப் பந்தயத்தில் மொத்தம் 10,000 ரிங்கிட் சேர்ந்தது. கழிவு 2,000. பிரிப்பதற்கு மிச்சம் 8,000. முன்னோட்டத்தைப் படித்தவர்கள் எல்லாரும் எண் 3இன்மேல் கட்டியதால் அதில் மட்டும் 4,000 ரிங்கிட் குவிந்துவிட்டது. அது வென்றால் ஒரு ரிங்கிட்டுக்கு 2 ரிங்கிட் கிடைக்கும், போட்ட பணத்தையும் சேர்த்து.

எண் 3 வெல்வதற்கான உண்மை வாய்ப்பு 100க்கு 35 என்று கொள்வோம். எட்டுக் குதிரைப் பந்தயத்தில் அது மிக நல்ல வாய்ப்பு. ஆனால் 2 ரிங்கிட் விலைக்கு அந்தக் குதிரை 100க்கு 50 முறை வென்றால்தான் போட்ட பணமாவது மிஞ்சும். 35 முறை வென்றால் 100 ரிங்கிட்டுக்கு 70 ரிங்கிட்தான் திரும்பும். குதிரை நல்ல குதிரை. விலைதான் கெட்ட விலை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. டோட் முறையில் விலை, வாயில் திறக்கும் நேரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் டிப்ஸ் சொல்பவருக்கு மாலையில் என்ன விலை கிடைக்கும் என்று தெரியவே தெரியாது. அவர் பேச்சை எத்தனை பேர் நம்புகிறார்களோ அந்த அளவுக்கு விலை இறங்கும். நல்ல டிப்ஸ் பரவப் பரவ, அதன் பயன் குறைந்துகொண்டே போகும். எல்லாருக்கும் தெரிந்த ரகசியத்துக்கு டோட்டில் மதிப்பில்லை.

மூன்றில் ஒன்று

அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரையை ‘ஃபேவரிட்’ என்பார்கள். உலகம் முழுவதும், பல காலமாக, ஃபேவரிட் குதிரைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில் வெல்கின்றன. கூட்டத்தின் கணிப்பு அந்த அளவுக்குத் துல்லியமானது. பெரும்பாலான டிப்ஸ்காரர்களின் தெரிவும் ஃபேவரிட்டையே ஒட்டி வருவதால், அவர்களும் மூன்றில் ஒன்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒருவர் 30 பந்தயங்களில் தலா 5 ரிங்கிட் கட்டுகிறார் என்று கொள்வோம். மொத்தம் 150 ரிங்கிட். அதில் 10 வெற்றி. ஒவ்வொரு வெற்றிக்கும் சராசரியாக 12 ரிங்கிட் 50 சென் கிடைத்தால், கைக்கு வருவது 125 ரிங்கிட். 10 முறை கை தட்டியிருக்கிறார், 10 முறை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் 25 ரிங்கிட் நட்டம். வென்ற நாள் நினைவில் நிற்கும். 25 ரிங்கிட் எங்கே போனது என்பது நினைவில் நிற்காது.

சரி, ஃபேவரிட்டை விட்டுவிட்டு யாரும் கட்டாத குதிரையைப் பிடித்தால்? எண் 8இன் விலை ஒன்றுக்கு 40 என்று காட்டினால் கை துறுதுறுக்கும். 1949இல் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் பந்தய முடிவுகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டறிந்தார். மக்கள் சிறிய வாய்ப்பைப் பெரிதாகவும், பெரிய வாய்ப்பைச் சிறிதாகவும் மதிக்கிறார்கள். அதனால் வெல்ல வாய்ப்பில்லாத குதிரைகளின்மேல் தேவைக்கு மேல் பணம் விழுகிறது. பெரிய விலைக் குதிரைகளைத் தொடர்ந்து துரத்துபவர், ஃபேவரிட்டைத் துரத்துபவரைவிட வேகமாக இழக்கிறார். பிறகு வந்த பல ஆய்வுகளும் பெரும்பாலான நாடுகளில் இதையே காட்டின.

இழப்பு ஒரே ரேஸில் தெரிவதில்லை. 100 ரிங்கிட்டுடன் போகும் ஒருவருக்குச் சராசரியாக ஒரு சுற்றில் 80 திரும்புகிறது. அதையே மறுபடி கட்டினால் 64. பிறகு 51. பிறகு 41. ஐந்தாவது சுற்றின் முடிவில் ஏறத்தாழ 33. ஒரு பந்தய நாளில் எட்டு, பத்து ரேஸ் ஓடும். வென்ற பணத்தைத் திரும்பப் போடுவதுதான் பையைக் காலி செய்கிறது. திருவள்ளுவர் ‘சூது’ அதிகாரத்தைத் தொடங்கும்போது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றியே முதலில் எச்சரித்தது சும்மா இல்லை.

நாலு நம்பரோடு ஒப்பிட்டால்

குதிரையை விடுங்கள், நம் வட்டாரத்தில் அதிகம் பேசப்படுவது நாலு நம்பர்தான். கனவில் வந்த எண், விபத்துக்குள்ளான காரின் எண், பிறந்த குழந்தையின் எடை என்று எதையும் விடுவதில்லை.

அதில் ‘பிக்’ பந்தயத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாம் கூட்டினால் 6,400 ரிங்கிட். ஆனால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். அதாவது ஒரு ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 64 சென். குதிரைப் பந்தயத்தில் படித்து அறிந்துகொள்ள ஏதோ இருக்கிறது. நாலு நம்பரில் அதுவும் இல்லை. எந்த எண்ணும் மற்ற எண்ணைவிட ஒரு துளிகூட நல்ல எண் அல்ல.

குதிரைப் பந்தயத்திலும் நாலு நம்பரைப் போன்ற வலைகள் உண்டு. முதல் நான்கு குதிரைகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டிய ‘குவார்டெட்’ அதில் ஒன்று. 12 குதிரைகள் ஓடினால் அதற்கு 11,880 வழிகள் இருக்கின்றன. முதல் மூன்றை வரிசையாகச் சொல்லும் ‘டியர்ஸ்’ பந்தயத்துக்கு 1,320 வழிகள். பரிசு பெரிதாகத் தெரிவது, வாய்ப்பு சிறிதாக இருப்பதால்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் ‘கேரண்டி’

கட்டணம் வாங்கிக்கொண்டு டிப்ஸ் தருவதாகச் சொல்பவர்கள், “எங்கள் கணிப்பு இரண்டு வாரமாகத் தவறவில்லை” என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் பின்னால் உள்ள தந்திரம் மிக எளிது.

ஒருவரிடம் 640 பேரின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயம். அவர் 80 பேர் வீதம் எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு குதிரையின் பெயரை அனுப்புகிறார். பந்தயம் முடிந்ததும் 80 பேருக்கு அவர் சரியாகச் சொன்னவர். மற்ற 560 பேரை விட்டுவிடுகிறார். அடுத்த வாரம் அந்த 80 பேரை 10 பேர் வீதம் பிரித்து அதே வேலை. இப்போது 10 பேருக்கு அவர் இரண்டு வாரம் தொடர்ந்து தவறாதவர். மூன்றாம் வாரம் அந்தப் பத்துப் பேரிடம்தான் கட்டணம் கேட்பார். குதிரையைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரே ஒரு சோதனை உண்டு. நிச்சயம் வெல்லும் குதிரை தெரிந்தவர், அதை 50 ரிங்கிட்டுக்கு உங்களிடம் ஏன் விற்க வேண்டும்?

திறமையா, சூதா?

இந்தக் கேள்வி சென்னையிலிருந்து கிளம்பி இந்திய உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கிண்டியில் பந்தயம் நடத்தும் மெட்ராஸ் ரேஸ் கிளப் அதை எதிர்த்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு, 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம்; குதிரையின் வம்சம், பயிற்சி, எடை, ஜாக்கி ஆகியவற்றை அறிந்தவர் கணிக்க முடியும்; எனவே அது வெறும் சூது அல்ல என்றது நீதிமன்றம்.

கிண்டியின் கதை அத்தோடு முடியவில்லை. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து அதைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தது. அங்கும் இப்போதைய பேச்சு நிலத்தைப் பற்றித்தான்.

நீதிமன்றம் சொன்னதை மறுப்பதற்கில்லை. மாதிரிப் பந்தயத்தில் எண் 3ஐத் தேர்ந்தெடுத்தது திறமைதான். ஆனால் திறமை இருக்கிறது என்பதற்கும் இலாபம் இருக்கிறது என்பதற்கும் இடையே அந்த 20 விழுக்காடு நிற்கிறது. மற்ற எல்லாரையும்விடச் சற்றுத் திறமை இருந்தால் போதாது. கழிவையும் தாண்டும் அளவுக்குத் திறமை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். கணினி, பல ஆண்டுத் தரவு, பெரிய முதலீடு ஆகியவற்றோடு அதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறார்கள். கடையோரத்தில் நின்று அட்டை பார்ப்பவர், அவர்களும் இருக்கும் தொகுப்பில்தான் தன் 5 ரிங்கிட்டைப் போடுகிறார்.

குடும்பக் கணக்கு

2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை மட்டும் நம்பியுள்ள ஒருவர் வாரம் 50 ரிங்கிட் பந்தயத்தில் போட்டால் மாதம் 200 ரிங்கிட். சம்பளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பள்ளிப் பேருந்துக் கட்டணமோ, மின்கட்டணமோ, சிறிய கூட்டுப் பணமோ அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, கடன் சொல்லிப் பந்தயம் ஏற்கும் தனியார் ‘புக்கி’கள். உரிமம் இல்லாமல் பந்தயம் ஏற்பதும், அவர்களிடம் கட்டுவதும் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். கையில் பணம் இல்லாமலே கட்டலாம் என்பதால் இழப்பின் அளவு தெரியாது. கணக்கு முடிக்கும் நாளில்தான் தெரியும். அங்கிருந்து ஆலோங் வாசல் தூரமில்லை. ஆலோங் மிரட்டல் என்றால் மறைக்காமல் காவல் நிலையத்தில் புகார் செய்வதே முதல் வேலை. வங்கிக் கடன், கடன் அட்டைத் தவணை கட்ட முடியாத நிலை என்றால், பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது.

பொழுதுபோக்காகப் பார்ப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பதுபோல, திரும்பி வராது என்று தெரிந்த தொகையை மட்டும் முதலில் ஒதுக்கிவிட்டு, அது தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். வென்ற பணம் அன்று மறுபடி ஜன்னலுக்குப் போகக் கூடாது. பணமே கட்டாமலும் இந்த ஆட்டத்தை ரசிக்கலாம். 30 பந்தயங்களுக்கு முன்கூட்டியே தெரிவை ஒரு நோட்டில் எழுதி, கடைசி விலையோடு கணக்குப் பார்த்தால் போதும். தன் கணிப்பின் தரமும், டிப்ஸ் தந்தவரின் தரமும் ஒரு சென் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எடையையும் தரையையும் வாயிலையும் பார்த்து, ஓடப் போகும் குதிரையைச் சரியாகச் சொல்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சி கணிப்பவருக்குச் சொந்தம். பணம் என்றால், ரேஸ் தொடங்கும் முன்பே தன் பங்கை எடுத்துவிடும் ஒருவர் அதில் இருக்கிறார். அவர் ஒரு ரேஸில்கூடத் தோற்பதில்லை. அட்டையில் பெயர் இல்லாத அந்தக் குதிரைதான் ‘நிச்சயக் குதிரை’.